பொம்மை வீட்டின் பின்னால் தொங்கிய அட்டை

மூட்டைக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தது அவருடைய மச்சினன். இருபத்திநாலு வருஷக் குடித்தனத்தில் பதினோரு வீடு பார்த்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஒவ்வொரு தடவையும் தன் சின்ன லாரியைக் கொண்டுவந்து, கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்கி இடுப்பு போனது மச்சினனுக்குத்தான். "மாமா, பேசாம பீரோவுக்கே நாலு சக்கரம் வச்சிடுங்க. நான் முன்னால கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறேன்" என்பான். அவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையைக் கட்டுவார்.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் அரைமணி நேரத்தில் ஓடிவருவார். இருட்டான கிணறு மாதிரி இருக்கும் அந்தச் சுவர்களுக்கு நடுவில், கிரீஸ் வாசனையில், மணிக்கணக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். தன் வீட்டு நாற்காலியில் கால்மணி நேரம் உட்காரச் சொன்னால் மட்டும் இருப்புக் கொள்ளாது.

ஒரு வீட்டுக்குக் குடிபோன முதல் ஆறு மாதம் அவரைப்போலச் சந்தோஷமான மனிதர் கிடையாது. கதவு தரையில் உரசும், குழாய் சொட்டும், ஜன்னல் கொக்கி நிற்காது. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் ஸ்பானரை எடுத்துவிடுவார். எல்லாம் சரியான பிறகுதான் வினை ஆரம்பிக்கும். அறை அறையாக நடப்பார். எரிகிற விளக்கை அணைத்துப் போட்டுப் பார்ப்பார். அடுத்த வாரமே வேறு தெருவில் நின்று 'வாடகைக்கு' என்ற பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். காற்று வரவில்லை, தண்ணீர் உப்பு, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று காரணத்துக்கு அவரிடம் பஞ்சமே இருந்ததில்லை. உண்மையான காரணம் அவருக்கே தெரியாது. தான் தேவைப்படாத வீட்டில் உட்கார அந்த மனிதருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மனைவியிடம் கேட்காமல் ஒருநாளும் வீடு மாறியதில்லை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேட்பார்தான். அவளும் "உங்க இஷ்டம்" என்பாள். அந்த இரண்டு வார்த்தையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கயிறு வாங்கப் போய்விடுவார்.

இந்தப் பதினோராவது வீட்டில் மட்டும் நாலு வருஷம் ஓடிவிட்டது. வயசாகிவிட்டது, அடங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். விஷயம் அது இல்லை. இந்த வீட்டில் கோளாறு தீரவே இல்லை. சமையலறைக் குழாயைச் சரிசெய்தால் குளியலறைத் தாழ்ப்பாள் தளரும். தாழ்ப்பாளை முறுக்கினால் ஜன்னல் கொக்கியின் திருகு காணாமல் போகும். "என்ன வீடுடா இது, என் உயிரை வாங்குது" என்று வாய் திட்டும், முகம் மலர்ந்திருக்கும். கடைசியில் அவருக்கும் ரோஷம் வந்தது. ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, லிஃப்டில் போடுகிற மாதிரி ஸ்பிரிங் வாஷரும் திருகுப் பசையும் போட்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு திருகையும் இறுக்கினார். யானை வந்து இழுத்தாலும் கழலாது. அதற்குப் பிறகு வீடு வாயை மூடிக்கொண்டது. ஒரு சொட்டு இல்லை, ஒரு கிறீச் இல்லை. அவருக்கு நடக்கிற வியாதி வந்துவிட்டது.

பத்தாவது படிக்கிற மகள்தான் முதலில் கவனித்தாள். "அம்மா, அப்பா சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பாக்கறார்" என்றாள். நாலு பள்ளிக்கூடம் மாறின பெண். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அவரைப் பழைய சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை, வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. கடைக்கு மேசைமேல் வைக்கிற முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வேண்டுமாம். அவர் வேண்டாவெறுப்பாகப் பின்னால் போனார். கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் வாய் உடைந்த ஜாடிகளுக்கும் நடுவில், ஒரு மேசைக்கு அடியில், அந்த வீடு இருந்தது.

அவர் பார்த்திருந்த பொம்மை வீடுகள் எல்லாம் கூரான கூரையும் பூ ஜன்னலுமாக இருக்கும். இது அந்த ஜாதி இல்லை. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால், புதுப்பாணி வீடு என்றால் இப்படித்தான் என்று யாரோ கனவு கண்டு செய்தது. தட்டைக் கூரை, கழற்றி எடுக்கலாம். முன்பக்கம் சுவரே இல்லை, மேலும் கீழும் நகர்த்துகிற ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடுகள். நடுக்கூடத்தில் கைப்பிடி இல்லாத மெல்லிய உலோகப் படிக்கட்டு, அதில் பாதிப் படி இல்லை. கடுகு மஞ்சளில் ஒரு சுவர், ஆரஞ்சில் ஒரு சுவர். கூரையில் கடுகளவு பல்புகள். ஒரு பக்கம் கார் நிறுத்தக்கூட இடம் விட்டிருந்தார்கள். தகடுகள் பழுத்துப்போய், மின்கலப் பெட்டியில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு பிடித்து, சோபாவின் பஞ்சு தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"அது சும்மா கிடக்குதுங்க. யாரும் சீந்த மாட்டேங்கறாங்க" என்றார் கடைக்காரர்.

மனைவி குனிந்து பார்த்தாள். "பாவம், நல்லா இருந்திருக்கும். இனிமே இதை யாராலயும் சரி பண்ண முடியாது" என்றாள்.

யாராலும் முடியாது என்ற சொல் காதில் விழுந்தபிறகு அவர் சும்மா இருப்பாரா? வாங்கப் போன முகக்கண்ணாடியை இருவரும் மறந்துவிட்டு, அந்த வீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

சாப்பாட்டு மேசை அன்றோடு பறிபோனது. மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மூலை மூலையாக அழுக்கெடுத்தார். மின்கலப் பெட்டியின் களிம்பை வினிகர் தொட்டுச் சுரண்டினார். மங்கிய தகடுகளில் பற்பசையைத் தடவி, பழைய பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மூன்று நாள் தேய்த்தபிறகு உள்ளே இருந்த கூடம் தெளிவாகத் தெரிந்தது. படிக்கட்டின் மீதிப் படிகளைத் தகரத்தில் வெட்டி, எறும்புத் தலை அளவுத் திருகுகளால் பொருத்தினார். "இந்த வீட்டுக்கு லிஃப்ட் வச்சுக் குடுங்கப்பா" என்றாள் மகள். அவர் அதையும் யோசித்துத்தான் பார்த்தார்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் ஓர் அட்டை தொங்கும். தேதி, கோளாறு, காரணம், செய்த வேலை, கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் மேற்பார்வையாளர் அட்டையை முகத்தில் விட்டெறிவார். வீட்டுக் குழாய்க்கெல்லாம் யாரும் அட்டை எழுதுவதில்லை, அவரும் எழுதினதில்லை. ஆனால் பொம்மை வீட்டில் கம்பி ஓடியது, விளக்கு எரிந்தது. அப்படியானால் அது இயந்திரம். பின்பக்கம் ஓர் ஆணி அடித்து அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் வேறு வீடு தேடுவதை நிறுத்தவில்லை. அரிப்பு அவ்வளவு சுலபமாகப் போகிற அரிப்பா? கிடைக்கிற நேரத்தில் தெருத் தெருவாக அலைந்தார். பார்த்த வீட்டின் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார், வந்து மனைவியிடம் வாய் ஓயாமல் வர்ணித்தார். ஆறாவதாகப் பார்த்த வீடு அவரைப் பைத்தியமாக அடித்துவிட்டது. நகரத்தின் மறுகோடியில் மூன்றாவது மாடி. எட்டுக் கதவில் ஐந்து மூடவில்லை. குளியலறையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. சொர்க்கம்தான். வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், "சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க சார், வேற ஆளும் கேக்கறாங்க" என்றார்.

"நான் வரல" என்றாள் மகள். "பரீட்சை வருஷம். மறுபடி புது பள்ளிக்கூடத்துல போய் யார் பக்கத்துல உக்கார்றதுன்னு நின்னுக்கிட்டு இருக்க என்னால முடியாது. நீங்க போங்க. நான் மாமா வீட்ல இருந்துக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

"இந்தப் பொம்மை வீட்டை முடிச்சிடறேன். அரைகுறையா பிரிச்சுப் போட்டதை எப்படி லாரியில ஏத்தறது? முடிச்சதும் கிளம்பிடலாம்" என்றார் அவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வேலை ஆரம்பத்திலிருந்தே முடியத்தான் மாட்டேன் என்றது. ஒரு நாள் எல்லா பல்பும் எரியும். மறுநாள் காலையில் கூடத்து பல்பு மட்டும் எரியாது, கம்பி கழன்றிருக்கும். அதைச் சேர்த்தால், சில நாளில் தகடு நகரும் தடத்திலிருந்து ஒரு திருகு போயிருக்கும். வேறு திருகு போட்டால் படிக்கட்டின் நாலாவது படி ஆடும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரையெல்லாம் தேடினார், திருகு கிடைக்கவில்லை. அட்டையில் காரணம் என்ற கட்டத்தில் முதல் தடவை 'தேய்மானம்' என்று எழுதினார். அப்புறம் 'அதிர்வு' என்று எழுதினார். மேசைமேல் நிற்கிற வீட்டுக்கு என்ன அதிர்வு? பிறகு வரிசையாக நாலு தடவை 'தெரியவில்லை' என்று எழுத வேண்டிவந்தது. இருபத்தெட்டு வருஷ வேலையில் அந்த வார்த்தையை அவர் எழுதினதே இல்லை. மண்டையைக் குடைந்தது.

சனிக்கிழமை வந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள், மகள் படிக்கப் போயிருந்தாள். சாயங்காலத்துக்குள் வாத்தியாருக்குப் பதில் சொல்லவேண்டும். லிஃப்டில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத்தைப் பார்க்காதே, அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்று பார் என்பது அவர்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற விஷயம். அவர் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நாள்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆறு வட்டம், ஆறு கோளாறு. ஒவ்வொரு வட்டத்துக்கும் மறுநாள் காலை ஒரு கோளாறு. தப்பவே இல்லை.

கோபம் சுர்ரென்று ஏறியது. மகள்தான், வேறு யார்? வரட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தார். ஆனால் கை பழக்கத்தில் கழன்ற இடத்தைப் பார்க்கப் போனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தடத்தில் மிஞ்சியிருந்த பக்கத்துத் திருகையும் பாதி தளர்த்தி விட்டிருந்தார்கள், அதன் தலையில் ஒரு கீறல் இல்லை. மகளுக்குப் பென்சில் சீவியின் திருகைக்கூட நாசம் பண்ணாமல் கழற்றத் தெரியாது. இது சரியான அளவுள்ள ஸ்க்ரூ டிரைவரைச் சரியான கோணத்தில் பிடித்த கை. அதற்கு மேல் அவர் யோசிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, என் கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். படிக்கவே முடியல. பீரோவுல கீழ் இழுப்பறையில இருக்கும், கொஞ்சம் கொண்டு வரீங்களா?"

கீழ் இழுப்பறையில் கண்ணாடிக் கூடுகள் ஏழெட்டு இருந்தன. கடையில் வேலை செய்தால் வீட்டில் கூட்டுக்கா பஞ்சம்? முதல் கூட்டைத் திறந்தார், காலி. இரண்டாவதில் அவளுடைய கண்ணாடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே போயிருக்கலாம். மூன்றாவது கூடு கையில் கனத்தது, குலுங்கியது. திறந்தார்.

மேலே அந்த எறும்புத் தலைத் திருகுகள் இருந்தன. கூடு குலுங்கியபோதே அவர் ஊகித்ததுதான். அதற்கு அடியில் இருந்ததைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. சமையலறைக் குழாயின் ரப்பர் வாஷர், அவரே மூன்று தடவை வாங்கிப் போட்டது. குளியலறைத் தாழ்ப்பாளின் திருகு. ஜன்னல் கொக்கிகளின் திருகுகள், ஏழு. படுக்கையறைக் கைப்பிடிக்குள் இருக்கவேண்டிய சின்ன ஸ்பிரிங். நாலு வருஷத்துக் கோளாறு முழுவதும் ஒரு கூட்டுக்குள் மடித்து வைத்த துணியின்மேல் சுத்தமாகக் கிடந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு அவர் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒருத்தி தினமும் பாடுபட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் அவர் பசை போட்டு இறுக்கினதும், கழற்ற வழியில்லாமல், அவரைப் பழைய சாமான் கடைக்கு இழுத்துப் போயிருக்கிறாள். யாராலும் சரிபண்ண முடியாது என்று சொன்னது எதற்கென்று இப்போது புரிந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, தலை நிமிர முடியாத வெட்கம். அப்புறம் இரண்டு கூட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கடையில் கூட்டமில்லை. சுவரில் சின்னதாகிக்கொண்டே போகிற எழுத்துப் பலகை, அதற்கு எதிரே காலி நாற்காலி. மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாருடைய கண்ணாடிக் காலையோ விரலால் தடவிப் பார்த்தே பொருத்திக்கொண்டிருந்தாள். விரல் கனமே உள்ள ஸ்க்ரூ டிரைவர். உள்ளங்கையில் அதன் தலை, இரண்டு விரலில் அதன் கழுத்து. இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை அவர் நின்று பார்த்ததே இல்லை. அவரைவிட நல்ல கை.

இரண்டு கூட்டையும் அவள் முன்னால் வைத்தார். அவள் தன்னுடைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மற்றதைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனாலும் கையிலிருந்த திருகைக் கடைசிச் சுற்றுவரை முறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எந்த வீட்ல இருந்து?" என்றார் அவர்.

"மூணாவது வீட்ல ஆரம்பிச்சேன். அப்ப என்கிட்ட இது கிடையாது." ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினாள். "கத்தி முனையால திருகினேன். சறுக்கி விரல்ல ஏறிடுச்சு. அதோட விட்டுட்டேன்."

அவருக்கு நினைவு வந்தது. விரலில் கட்டோடு நின்றவளைப் பார்த்து, பாத்து நறுக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார்.

"இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் சரியா வந்துச்சு" என்றாள். "எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்குங்க. நடந்தே வேலைக்கு வரேன். காய்க்காரம்மா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. பொண்ணுக்கு ரெண்டு சிநேகிதிங்க இருக்காங்க. நீங்களும் இருக்கணும். அதுக்குத்தான்."

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"எப்ப?"

"முதல் வீட்டைக் காலி பண்ணினப்ப. நீங்க பாத்திர மூட்டையைக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. இங்கயே இருந்துடலாமேன்னு கேட்டேன். கயிறு எங்கன்னு கேட்டீங்க." அவள் கூட்டை மூடினாள். "எடுத்துக் குடுத்தேன்."

அவர் எவ்வளவு யோசித்தும் அது நினைவுக்கு வரவில்லை. கயிறு நினைவிருந்தது. பச்சைக் கயிறு, ஒரு முனை பிரிந்திருக்கும். அவள் குரல் எங்கேயும் இல்லை.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. மறுகோடி வாத்தியார்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா? சாவி தயாரா இருக்கு."

"இல்லீங்க சார். வரல. வீட்ல வேண்டாம்னு சொல்றாங்க."

"போன வாரம் வந்தப்ப வீட்ல சம்மதம்னீங்களே. இன்னிக்கா சொன்னாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார்" என்றார். "எனக்கு இப்பதான் கேட்டுச்சு."